சோடி போட்ட எயார்பேக் விளக்கு

நமது சங்கத்தின் தலைவர் பொய் சொன்னார். பெயர் எழுதத் தேவையில்லை, தலைவர் ஒருவர்தான் இருக்கிறார். போன பொதுக்கூட்டத்தில், போக்குவரத்துப் பொலிஸ் அதிகாரி ஒருவரைப் பிரதம விருந்தினராகப் பக்கத்தில் இருத்திவைத்துக்கொண்டு, ஒலிவாங்கியில் சொன்னார்: "எங்கட மாவட்டத்தில வாகன வயரிங் செய்யிற ஒருத்தரும் பாதுகாப்பு விளக்கில கை வைக்கிறதில்ல." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். கையில் கூட்டத்தில் தின்னத் தந்த ரோல்ஸ் இருந்தது. அதை மடியில் வைத்துவிட்டுத் தட்டினேன்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். அந்த விளக்கில் எப்படிக் கை வைப்பது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்.

இந்த ஆண்டு மலருக்கு "ஓய்வுபெற்ற மூத்த தொழிலாளி ஒருவரின் இனிய பணி அனுபவங்கள்" வேண்டுமாம். முப்பத்தைந்து வருடம் டாஷ்போட்டுக்குக் கீழே தலைகீழாகக் கிடந்தவனுக்கு இனிமையான கழுத்தே மிச்சமில்லை, அனுபவத்துக்கு எங்கே போவது. ஒரு கதைதான் இருக்கிறது. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் வாசிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். தலைவர் வாசிக்க மாட்டார். மலரில் தன்னுடைய படம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். யாராவது அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஏனென்றால் இந்தக் கதையில் வருகிற கார் இன்றைக்கும் நம்முடைய வீதியில் ஓடுகிறது. அதை ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கிற எயார்பேக் வேலை செய்யாது. அவருக்கு அது தெரியாது. தலைவருக்குத் தெரியும்.

எயார்பேக் விளக்கைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. சாவியைத் திருப்பினால் மீற்றர் போட்டில் ஒரு சிவப்பு விளக்கு வரும். கார் தன்னைத்தானே பரிசோதிக்கும். எல்லாம் சரியென்றால், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினாலும் பண்ணாவிட்டாலும், ஆறேழு விநாடியில் தானாக அணையும். பிழை இருந்தால் அணையாது. அந்த விளக்குக்கு வேறு வேலை இல்லை. உண்மை சொல்வது ஒன்றுதான் வேலை. அதனால்தான் நம் பக்கத்தில் அதை ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

நம் பக்கத்தில் கார் வாங்கப் போகிறவர் "தெரிஞ்ச ஆள்" ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார். தெரிந்த ஆள் பொனெட்டைத் திறப்பார். ஒயில் கம்பியை இழுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். பிறகு உள்ளே ஏறிச் சாவியைத் திருப்புவார். விளக்கெல்லாம் வர வேண்டும். ஸ்டார்ட் பண்ணினால் விளக்கெல்லாம் போக வேண்டும். போனால் நல்ல கார். நான் தொழில் செய்த காலம் முழுக்க இதுதான் பரீட்சை. இன்றைக்கும் இதுதான்.

பல வருடங்களுக்கு முன்பு களுதாவளையில் இருந்து ஒரு மாஸ்டர் காரோடு வந்தார். கார் எங்கேயோ அடிபட்டு எயார்பேக் வெடித்திருந்தது. வெடித்ததை வெட்டி எறிந்துவிட்டு, மூடியைக் குஷன் கடையில் கொடுத்துத் தைத்துப் போட்டிருந்தார். உள்ளே வெறும் காற்று.

"இந்த லாம்பு மட்டும் நிக்குது மனே, விக்க ஏலாம இருக்கு. இத ஒருக்கா நிப்பாட்டு" என்றார்.

நான் பல்பைக் கழற்றினேன். ஐந்து நிமிட வேலை. இரண்டு நாளில் மாஸ்டர் திரும்பி வந்தார். வாங்க வந்த ஆள் கூட்டிவந்த தெரிந்த ஆள் கெட்டிக்காரன். சாவியைத் திருப்பி விளக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒரு லாம்பு வரல்ல, பல்பக் கழட்டியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

"என்ன வேலடா செஞ்சு வெச்சிருக்காய்? லாம்பு வரவும் வேணும், போகவும் வேணும்" என்றார் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்குக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்தார்.

நான் அதைக் கணக்காகத்தான் எடுத்தேன். சாவியைத் திருப்பினால் வந்து, எஞ்சின் ஓடினால் போகிற விளக்கு மீற்றர் போட்டில் இன்னொன்று இருக்கிறது. ஒயில் விளக்கு. எயார்பேக் விளக்கில் இருந்து காரின் கணினிக்குப் போகிற வயரை வெட்டி, ஒயில் விளக்கின் வயரோடு சேர்த்தேன். இரண்டும் சேர்ந்து வந்தன, சேர்ந்து போயின. அந்தக் கிழமையே கார் விற்றுப் போனது. மாஸ்டர் சந்தோசத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து தந்தார். நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி அதை உரித்துச் சாப்பிட்டேன்.

கதை பரவியது. தொழிலில் அதற்குச் சோடி என்று பெயர் வைத்தார்கள். "அண்ணன், ஒரு சோடி போட வேணும்" என்று வருவார்கள். வரிசையில் நின்றார்கள். நான் சேர்த்துவைத்த சோடி ஒன்றும் பிரிந்ததில்லை என்று பகிடி விடுவார்கள். நானும் சிரிப்பேன். வேலைக்கு உத்தரவாதம் கூடக் கொடுத்தேன். எயார்பேக்குக்கு இல்லை, விளக்குக்கு.

சோடி போட்ட விளக்கையும் நல்ல விளக்கையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நல்ல விளக்கு எஞ்சினுக்காகக் காத்திருக்காது, தானாக அணையும். சோடி போட்டது எஞ்சின் ஓடும்வரை எரிந்துகொண்டே இருக்கும். கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒருவன் சாவியைத் திருப்பிவிட்டு ஒன்றும் செய்யாமல் ஏழு விநாடி இருக்க வேண்டும். மட்டக்களப்பில் கார் பார்க்கப் போன எவனும் ஏழு விநாடி சும்மா இருந்ததை நான் காணவில்லை. அந்த நம்பிக்கையில்தான் என் தொழில் நடந்தது.

இனித் தலைவர். அப்போது அவர் தலைவர் இல்லை. ஆரையம்பதியில் என் கராஜில் பதினொரு வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். வேலை சுத்தம், என்னைவிடச் சுத்தம். இடக்கைக்காரர். வயர் மூட்டில் டேப் சுற்றினால் மற்றவர்கள் சுற்றுகிற திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஒரு மூட்டைப் பார்த்தாலே அது அவருடைய கை என்று சொல்லிவிடலாம். சோடி போடுவதை ஒரு தரம்தான் காட்டினேன். இரண்டாவது தரம் அவர் எனக்குக் காட்டினார், மீற்றர் போட்டை முழுதாகக் கழற்றாமலே எப்படிச் செய்வதென்று. பிறகு தனியாகக் கராஜ் போட்டார். பிறகு சங்கம். பிறகு மாலை, படம், ஒலிவாங்கி.

எனக்கு ஓய்வு கிட்டி வந்த நேரத்தில் ஒரு மிட்வைஃப் மிஸ்ஸி என்னிடம் வந்தார். நம்ம ஊர்தான். வேலை வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில். கர்ப்பிணித் தாய்மாரை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர். அதுவரை ஸ்கூட்டியில் போய்க்கொண்டிருந்தார். மாரி காலத்தில், வயலுக்குள்ளால் போகிற வட்டை வீதியில் இரண்டு தரம் சறுக்கி விழுந்தபிறகு ஒரு சின்ன ஜப்பான் கார் பார்த்திருந்தார்.

"அண்ணன், எனக்குக் காரப் பத்தி ஒரு மண்ணும் தெரியா. நீங்க பாத்து நல்லம் எண்டா எடுப்பன். இல்லாட்டி விடுவன்."

ஆக, நான்தான் தெரிந்த ஆள்.

போனேன். பொனெட்டைத் திறந்தேன். ஒயில் கம்பியை முகர்ந்தேன். விற்கிறவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஏறிச் சாவியைத் திருப்பினேன். விளக்கெல்லாம் வந்தன. உடனே ஸ்டார்ட் பண்ணினேன். விளக்கெல்லாம் போயின. இரண்டு விநாடி இருக்கும்.

"எல்லாம் ஒழுங்கு மிஸ்ஸி. பயப்பிடாம எடுங்க" என்றேன்.

அந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவன் நான். அதைப் பிடிக்கிற வழி தெரிந்த ஆள் இந்த மாவட்டத்தில் யாராவது இருந்தால் அதுவும் நான். மற்றவர்களுடைய அவசரத்தில் பிழைத்தவன், என் அவசரத்தில் போய் விழுந்தேன்.

ஒன்றரை வருடம் கார் நன்றாக ஓடியது. பிறகு அறுவடைக் காலத்தில் ஒரு காலை மிஸ்ஸி கராஜுக்கு வந்தார். ஹோர்ன் வேலை செய்யவில்லை.

"ஹோர்ன் இல்லாம அங்கால போக ஏலா அண்ணன். வீதி முழுக்க மாடு, மெசின், நெல்லு. சுறுக்காப் பாருங்க, ஒரு புள்ளத்தாய்ச்சி பாத்துக்கிட்டு இருக்கா."

ஸ்டியரிங்குக்குள்ளே ரிப்பன் மாதிரிச் சுருண்ட ஒரு கேபிள் இருக்கிறது. ஸ்டியரிங் சுற்றும்போது வயர் அறுந்துபோகாமல் இருக்க அது. ஹோர்னுக்கு மின்சாரம் அதால்தான் போகும். எயார்பேக்குக்கும் அதால்தான் போகும். நான் பற்றறியைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கைத் திறந்தேன். ரிப்பன் அறுந்திருந்தது. ஹோர்ன் இழை புதிதாக அறுந்திருந்தது. எயார்பேக் இழை எப்போதோ அறுந்து, முனை கறுத்துப் போயிருந்தது.

எயார்பேக் நல்ல எயார்பேக். கம்பனி போட்டபடியே புதிதாக இருந்தது. அதற்குப் போகிற வழிதான் இல்லை. அப்படியென்றால் விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். எரியவில்லை.

பற்றறியை மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். வாழ்க்கையில் முதல் தரமாக ஒன்றும் செய்யாமல் இருந்தேன். ஏழு விநாடி போனது. இருபது போனது. விளக்கு எஞ்சினுக்காகக் காத்துக்கொண்டு இருந்தது. மீற்றர் போட்டைக் கொஞ்சம் இழுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். மூட்டு சுத்தமாக இருந்தது. டேப் எதிர்த்திசையில் சுற்றியிருந்தது.

வெளியே மிஸ்ஸி கதிரையில் இருந்து அந்தப் புள்ளத்தாய்ச்சியோடு ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். "ஓம் மகள், வந்திருவன். அரை மணித்தியாலம். நீ சாப்பிட்டிட்டுப் படு. எனக்காகப் பட்டினி கிடக்காத." பிறகு என்னைப் பார்த்து, "என்ன அண்ணன், பெரிய பிழையா?" என்று கேட்டார்.

தொழிலில் நெருக்கடி என்றால் வயர் பற்றி எரிவது, பற்றறி வெடிப்பது என்று நினைப்பீர்கள். அதெல்லாம் சின்ன விசயம். கை தானாக வேலை செய்யும். நெருக்கடி என்பது இந்தக் கேள்விதான். ஒரு ஆள் சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு, பெரிய பிழையா என்று கேட்கிறார்.

சொல்ல வேண்டியது ஒரு வரி. ரிப்பன் கொழும்பில் இருந்து வர நாலைந்து நாள் எடுக்கும், அதுவரை எயார்பேக் இல்லை, காரை விட்டுவிட்டுப் போங்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த வரியைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்ப ஏன் லாம்பு எரியல்ல? அதற்குப் பதில் சொன்னால் சோடியைச் சொல்ல வேண்டும். சோடியைச் சொன்னால் யார் போட்டது என்று சொல்ல வேண்டும். யார் பழக்கியது என்று சொல்ல வேண்டும். ஒன்றரை வருடத்துக்கு முன்பு எல்லாம் ஒழுங்கு என்று சொன்ன ஆள் யார் என்று மட்டும் சொல்லத் தேவையில்லை, அது அவருக்குத் தெரியும்.

"சின்னப் பிழை மிஸ்ஸி" என்றேன்.

ஸ்டியரிங்குக்கு வலப்பக்கத்தில், டாஷ்போட்டில் ஓட்டை போட்டு, ஆட்டோவுக்குப் போடுகிற சிவப்புப் பொத்தான் ஒன்றைப் பூட்டி ஹோர்னுக்கு நேராக வயர் இழுத்துக் கொடுத்தேன். மிஸ்ஸி அமத்திப் பார்த்துச் சிரித்தார்.

"ஆட்டோ ஓடுற மாதிரி இருக்கு. மீற்றரும் ஒண்டு பூட்டித் தாங்களன், தாய்மாரிட்டக் காசு எடுக்கலாம்."

நானும் சிரித்தேன். அவர் போய்விட்டார்.

ரிப்பனுக்கு ஓடர் கொடுத்தேன், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஐந்தாம் நாள் வந்தது. மேசை லாச்சிக்குள் வைத்தேன். மிஸ்ஸியைக் கூப்பிட வேண்டும். கூப்பிட ஒரு காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அது கிடந்தது. ஸ்க்ரூ எடுக்கப் போனால் கிடந்தது, கண்ணாடி எடுக்கப் போனால் கிடந்தது. கடைசியில் கண்ணாடியை வேறு இடத்தில் வைக்கத் தொடங்கினேன்.

மூன்றாவது கிழமை விபத்து நடந்தது. வட்டை வீதியில் பாதித் தாரை மறைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். மிஸ்ஸி நெல்லில் ஏறாமல் மற்றப் பக்கத்தால் வந்திருக்கிறார். வயலுக்குள் இருந்து பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் ஒன்று வீதிக்கு ஏறியது. மிஸ்ஸி சிவப்புப் பொத்தானை அமத்தினார். என் வேலையில் குறையில்லை, ஹோர்ன் நன்றாகக் கேட்டிருக்கிறது. கேட்டபடியால்தான் மெசின்காரர் பயந்து நடு வீதியில் நிறுத்தினார்.

பெல்ட் போட்டிருந்தபடியால் உயிர் தப்பியது. முகம் ஸ்டியரிங்கில் அடித்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. முகம் போய் அடித்த அந்த மூடிக்குக் கீழேதான் நல்ல எயார்பேக் மடித்தபடி கிடந்தது.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபிறகு வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி போட்டுச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நான் பார்த்த வயரிங்கில் அது சுத்தமான வேலை. கதைக்க முடியாது. ஒரு கொப்பியில் எழுதிக் காட்டினார். முதலில் எழுதியது, "அண்ணனுக்குத் தேத்தண்ணி போடச் சொல்லட்டா?" என்று. இரண்டாவது எழுதியது, "லாம்பு எரியல்லயே, பிறகு ஏன் எயார்பேக் வரல்ல?"

சொன்னேன். வாழைப்பழத்தில் இருந்து லாச்சிக்குள் கிடக்கிற ரிப்பன் வரைக்கும் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். அதைப் பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை.

அவர் அழவில்லை. ஏசவும் முடியாது, வாய் திறக்காது. கொஞ்ச நேரம் பேனையை மூடித் திறந்து மூடித் திறந்து கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: "வயித்துப் புள்ளட இதயத் துடிப்பு சரியில்லாட்டி, தாய் பயப்பிடுவா எண்டு நான் கார்ட்டில நல்லம் எண்டு எழுதுறதா?"



அடுத்த தாளில் எழுதினார்: "அந்தக் கார் இப்ப எங்க?"

காப்புறுதிக்காரர்கள் எடுத்து, உடைந்த வாகனமாக விற்றுவிட்டார்கள். எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பெரிய எழுத்தில் எழுதி, தாளைக் கிழித்து என் கையில் தந்தார். "அதில இன்னொரு ஆள் அப்பிடியே ஏறப்படாது. அத மட்டும் செஞ்சு தாங்க." அதற்குக் கீழே காரின் இலக்கம்.

தேடினேன். நீண்ட தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. தலைவருடைய கராஜில் நின்றது. உடைந்த வாகனம் வாங்கி விற்கிற வியாபாரி ஒருவர், முன் பக்கத்தை மாற்றிப் பெயின்ற் அடித்து, வயரிங் வேலைக்கு அங்கே விட்டிருந்தார். சிவப்புப் பொத்தானைக் கூடக் கழற்றவில்லை.

"வாங்க அண்ணன். கண்டு கன காலம். டீ சொல்லட்டா?" என்றார் தலைவர்.

"இந்தக் காருக்கு முந்தி நீ சோடி போட்டிருக்காய்."

அவர் மறைக்கவில்லை. "போட்டிருப்பன். நினைவில்ல. எத்தின காருக்குப் போடுறது."

"ரிப்பன் அறுந்து கிடக்கு. புது ரிப்பன் என்னட்ட இருக்கு. நான் தாறன், நீ போடு. சோடியப் பிரி."

அவர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார். "அண்ணன், விளங்கிக்கொள்ளுங்க. இந்தக் காருக்குப் பெறுமதியே எயார்பேக் வெடிக்காததுதான். சின்ன அடி, எயார்பேக் கூட வெடிக்கல்ல எண்டுதான் வியாபாரி சொல்லி விக்கிறார். இப்ப சோடியப் பிரிச்சா, ரிப்பன் போட்டாலும் பழைய பிழை கணினியில பதிஞ்சு கிடக்கும், லாம்பு வரும். லாம்பு வந்தா, இவ்வளவு அடியில ஏன் வெடிக்கல்ல எண்டு கேள்வி வரும்."

கேளுங்கள் தம்பிமாரே, தங்கச்சிமாரே. ஒரு பெண்ணின் தாடையை உடைத்த பிழை, அடுத்த ஆளுக்குக் காரின் நல்ல குணமாக விற்கப்படுகிறது.

"அந்த மிஸ்ஸிக்கு வாய் திறக்க ஏலாது, தெரியுமா?" என்றேன்.

"கேள்விப்பட்டன், பாவம். கெதியாச் சுகம் வரும்." பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, "நீங்கதானே அண்ணன் பழக்கினது" என்றார்.

அது உண்மை. அங்கேதான் நான் மூன்றாவது பிழை விட்டேன். "ரெண்டு நாள் பொறுங்க, வியாபாரியிட்டக் கேட்டுச் சொல்றன்" என்றார். சரி என்று எழுந்து வந்தேன். பொலிஸுக்குப் போகவில்லை. வியாபாரியைத் தேடவில்லை. இரண்டு நாளை நாலு நாளாக்கி ஐந்தாம் நாள் போனபோது கார் இல்லை.

"வித்தாச்சு அண்ணன். நானே ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசல்ல நிப்பாட்டிக் குடுத்தன். பட்டு மாதிரிப் போச்சு."

"ஆருக்கு?"

"ஓபன் பேப்பர். பேர் கீர் எனக்குத் தெரியா."

ஓபன் பேப்பர் என்றால் உங்களுக்குத் தெரியும். பெயர் மாற்றாமல் கைமாற்றி விடுவது. பதிவுப் புத்தகத்தில் தேடினால் இப்போது ஓட்டுகிறவரின் பெயர் வராது. ஆக, அந்தக் கார் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இருவர். வியாபாரி ஃபோன் எடுப்பதில்லை. மற்றவர் வீட்டு வாசல் வரை போனவர்.

அந்தக் காரை நான் ஒரு தரம் கண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கல்லடிப் பாலத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபோது வந்தது. வெயிலில் கண் கூசியது, முகம் சரியாகத் தெரியவில்லை. ஸ்டியரிங்குக்கு வலப்பக்கத்தில் சிவப்புப் பொத்தான் தெரிந்தது. கையைக் காட்டி மறித்தேன். வீதிக்கு இறங்கி இரண்டு கையையும் ஆட்டினேன். ஓட்டியவர் தெரிந்த யாரோ கிழவன் கை காட்டுகிறான் என்று நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டு, மரியாதையாக அந்தப் பொத்தானை அமத்தி ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். பின் சீற்றில் இரண்டு பேர் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தப் பொதுக்கூட்டம். நான் ஏன் எழும்பவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். முன்வரிசையில் இருத்தி மாலை போட்டிருந்தார்கள். மாலையோடு எழும்பிச் சண்டை பிடிப்பது அழகில்லை என்று நினைத்தேன். இவ்வளவுதான் காரணம். மிஸ்ஸியிடம் சின்னப் பிழை என்று சொன்ன அதே வாய்.

நீங்கள் இப்போது வயரை வெட்டுவதில்லை என்று எனக்குத் தெரியும். உங்களிடம் லப்டொப் இருக்கிறது. எயார்பேக் இருக்க வேண்டிய இடத்தில் கடுகு மாதிரி ஒரு ரெசிஸ்டரைப் பூட்டி, எயார்பேக் இருக்கிறது என்று கணினியையே நம்ப வைக்கிறீர்கள். விளக்கு அழகாக ஆறு விநாடியில் அணைகிறது. என் ஏழு விநாடிப் பரீட்சையில் கூட நீங்கள் பாஸ். கை அழுக்காவதில்லை, டேப் சுற்றுகிற திசையும் தெரியாது. நான் மனிதரை ஏமாற்றினேன். நீங்கள் இயந்திரத்தையும் ஏமாற்றக் கற்றுக்கொண்டுவிட்டீர்கள். முன்னேற்றம்தான்.

உங்களிடம் ஒருவர் வருவார். நல்ல மனிதராக இருப்பார். லாம்பை நிப்பாட்டித் தாருங்கள் என்பார். பிழையைத் திருத்தித் தருகிறேன், விளக்கு தானாக நிற்கும் என்று சொல்லுங்கள். அடுத்த கராஜுக்குப் போவேன் என்பார். போகட்டும். போகிறவரை மறிக்காதீர்கள், ஆனால் ஏறுமுன் அவருடைய முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள், இந்தக் காரில் எயார்பேக் இல்லை என்று. பக்கத்தில் அவருடைய வீட்டு ஆட்கள் இருந்தால் அவர்களுக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். வாய் இருக்கும்போது சொல்லிவிட வேண்டும்.

மிஸ்ஸியின் கம்பியை எடுத்துவிட்டார்கள். ஆரையம்பதிச் சந்தையில் கண்டேன். இப்போது மெதுவாகக் கதைக்கிறார், சில எழுத்துகள் வழுக்கிப் போகின்றன. திரும்பவும் ஸ்கூட்டியில்தான் போகிறார். சுகமா என்று கேட்டேன். அவர் எனக்குச் சுகம் சொல்லவில்லை.

"கார் கிடைச்சதா அண்ணன்?" என்றார்.

அதனால்தான் எழுதுகிறேன். இந்த இடத்தில் அந்தக் காரின் இலக்கத்தை எழுதியிருந்தேன். அதை எடுத்தால்தான் அச்சுக்குப் போகும் என்று மலர்க்குழு சொன்னது. எடுத்துவிட்டேன். மிஸ்ஸி கிழித்துத் தந்த தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. கேட்கிறவர்களுக்குக் காட்டுவேன்.

தலைவரே, அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வருவேன். மாலை வேண்டாம். முதலில் நான் எழும்பி, சோடியைக் கண்டுபிடித்தவன் நான், மிஸ்ஸியிடம் மறைத்தவன் நான் என்று சொல்வேன். பொலிஸ் அதிகாரியையும் கூப்பிடுங்கள், எனக்குச் செய்வதை அவர் செய்யட்டும். அதன்பிறகு ஒலிவாங்கியை உங்களிடம் தருவேன். ரிப்பனும் என் கையில் இருக்கும், இன்னும் உறை பிரிக்கவில்லை. பூட்ட ஒரு மணித்தியாலம் போதும். கூலி வேண்டாம்.

நீங்கள் எந்த வீட்டு வாசலில் அந்தக் காரை நிறுத்திவிட்டு வந்தீர்கள்? எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.